உழைப்பில் மாண்டார்க்கு ஒரு நடுகல்

தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். அங்கு 2006ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்களுள் ஒன்றில், தமிழின் மிகப் பழைய எழுத்துவடிவில் ஒரு சில சொற்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. மாண்டவன் பெயர், ஓர் ஊரின் பெயர், அவன் எதில் மாண்டான் என்பதைக் காட்டும் 'ஆகோள்' என்னும் சொல். இவ்வளவே அதிலுள்ள செய்தி. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பட்டதென அறிஞர் கருதும் அக்கல்லின் முன் நிற்பவன் மூன்று வினாக்களுக்கு விடை பெறுகின்றான்: யார்? எவ்வூர்? எதனால்?

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லோ இன்னும் வியப்பானது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில், ஆநிரைப் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்பானுக்காக நடப்பெற்றது அது. அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் அக்கல்லில் உண்டு. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன்னர், காவல் நாயொன்றின் பெயரைக்கூடத் தமிழன் மறக்க ஒருப்படவில்லை.

இவற்றை ஈண்டு எடுத்துரைப்பது பழம்பெருமை பேசி மகிழ்தற்கன்று, நாணுதற்கே.

இற்றைச் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். 'பட்டாசு ஆலையில் வெடி: எண்மர் சாவு.' 'கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய மூவர் மூச்சடைத்து இறப்பு.' 'சாரம் சரிந்து கட்டடத் தொழிலாளர் இருவர் சாவு.' எண்கள் பெரிதாக உள. பெயர்கள், இருந்தால், கடைசி வரியில் உள. எதனால் என்னும் வினாவிற்கோ, 'காவல்துறையினர் உசாவி வருகின்றனர்' என்பதே விடை. அவ்வுசாவல் எப்பொழுது முடிந்தது, யாது கண்டது என்பதை நாளிதழ்கள் பின்னர் எழுதுவது அரிது. நாம் கேட்பது அதனினும் அரிது.

எம் பணி பள்ளியில் தமிழ் கற்பித்தல். ஆண்டுத் தொடக்கத்தில் புதிய மாணவர்களின் படிவங்களைச் சரிபார்ப்பதும் அப்பணியில் ஒரு பகுதி. சில ஆண்டுகட்கு முன், 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை ஒரு சிறுவன் வெறுமையாய் விட்டிருந்தான். கேட்டோம். "அப்பா இல்லைங்க ஐயா" என்றான். "என்ன வேலை செய்தார்?" என்றோம். "மருந்து கலக்குற அறையில இருந்தார் ஐயா" என்றான். மறுநாள் அவன் தாயார் வந்தார். அவர் அழவில்லை. "கலக்குற ஆளு அன்னைக்கு வரலைன்னு இவரை உக்கார வச்சாங்க ஐயா. இவருக்கு அந்த வேலை பழக்கமே இல்லை. இழப்பீடு கொஞ்சம் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். அந்த அறையைத் திரும்பக் கட்டிட்டாங்க. ஆனா, அவரு எதனால செத்தாருன்னு யாரும் ஒரு தாளில எழுதிக் குடுக்கலை. இப்ப அங்க உக்காந்திருக்கிற பிள்ளைக்கும் அது தெரியாது" என்றார்.

எழுத்தறியாத அவ்வம்மையார் கூறியதைவிடத் தெளிவாக இப்பொருளை எவரும் எமக்கு எடுத்துரைத்ததில்லை. மாண்டவனை மறக்கின்ற குமுகாயம், அவன் மாண்ட கரணியத்தையும் அவனோடு சேர்த்தே புதைத்துவிடுகின்றது. புதைத்த கரணியம் மட்கிப் போவதில்லை. அதே அறையில், அதே குழியில், அதே சாரத்தில் அது மீண்டும் முளைத்து அடுத்தவனைக் கொல்லுகின்றது. எனவே மாண்டாரை நினைத்தலும் வாழ்வாரைக் காத்தலும் இருவேறு கடமைகள் அல்ல, ஒன்றே.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி. 'விபத்து' வடசொல்லாதலின் அதனை விலக்கி 'நேர்ச்சி' என்று நாம் எழுதுகின்றோம். யாமும் அவ்வாறே எழுதி வந்துள்ளோம். ஆயினும், ஆலைச் சாவுகளைக் குறிக்குமிடத்து அச்சொல்லும் எமக்கு உறுத்துகின்றது. நேர்ச்சி என்பது தானாக நேர்ந்தது. அதற்கு வினைமுதல் இல்லை. கடலலை பொங்கி ஒருவரை ஈர்த்துச் செல்லின் அது நேர்ச்சி. 'கதவு பூட்டப்பட்டிருந்தது', 'காற்றுக்குழாய் கொடுக்கப்படவில்லை', 'அளவுக்கு மேல் மருந்து குவிக்கப்பட்டிருந்தது' என்பன நேர்ச்சி ஆகா. செயப்பாட்டு வினையில் வினைமுதல் மறைந்து நிற்கும் என்பதை ஆறாம் வகுப்பு மாணவனும் அறிவான். அவ்வரிகளைச் செய்வினையாக மாற்றிக் கேளுங்கள். பூட்டியவர் யார்? கொடாதவர் யார்? குவித்தவர் யார்? இலக்கணம் கேட்கும் இவ்வெளிய வினாவையே சட்டமும் கேட்க வேண்டும்.

உலகில் சிலர் இவ்வினாவைக் கேட்டுள்ளனர். ஆண்டுதோறும் ஏப்பிரல் 28ஆம் நாள், பணியில் மாண்ட தொழிலாளரை நினைக்கும் நாளாகப் பல நாடுகளிற் போற்றப்படுகின்றது. கனடா நாட்டுத் தொழிலாளர் 1984இல் அதனைத் தொடங்கினர். அமெரிக்கத் தொழிலாளர் கழகங்கள் 1989 முதற் கடைப்பிடித்தன. 2003 முதல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அந்நாளை வேலையிடப் பாதுகாப்புக்கும் உடல்நலத்திற்கும் உரிய உலக நாளாக்கிற்று. அவ்வமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வேலையின் கரணியமாக ஓராண்டில் இறப்போர் உலகெங்கும் ஏறத்தாழ 29 இலக்கத்து 30 ஆயிரம் பேர். அவருள் வெடியிலும் வீழ்ச்சியிலும் பொறியிலும் சிக்கி உடனே மாள்வோர் ஏறத்தாழ 3 இலக்கத்து 30 ஆயிரம் பேர்; எஞ்சிய 26 இலக்கம் பேர் வேலை தந்த நோயால் மெல்ல மெல்ல மாள்வோர். கல்லுடைப்பவனின் நெஞ்சில் படியும் கற்றூளும், நூலாலைப் பெண்ணின் நெஞ்சில் படியும் பஞ்சுத்தூளும் ஓசையின்றிக் கொல்வன. அவர் வீட்டிற்குச் செய்தியாளர் செல்வதில்லை. பத்தாண்டு கழித்து அவர் இறக்கும்போது, ஆலையின் பெயரை அச்சாவோடு சேர்த்துச் சொல்வார் எவருமில்லை.

நினைத்தல் எவ்வாறு காத்தலாகும் என்பதற்கு நியூயார்க் நகர் ஒரு சான்று. 1911ஆம் ஆண்டு மார்ச்சு 25, சனிக்கிழமை. வேலை முடியும் நேரம். பத்து மாடிக் கட்டடமொன்றின் மேல் மூன்று தளங்களில் இயங்கிய 'டிரையாங்கிள்' என்னும் பெண்டிர் சட்டைத் தையலகத்தில் தீப்பற்றியது. ஒன்பதாம் தளத்தின் படிக்கட்டுக் கதவொன்று பூட்டியிருந்தது. தொழிலாளர் துணியைத் திருடாதிருக்கும் பொருட்டு, ஒரு வழியாகவே அவரை வெளியே விட்டுப் பைகளை ஆய்வது வழக்கம். வெளிப்புற இரும்புப் படிகள் பாரந் தாங்காது முறிந்தன. தீயணைப்போரின் ஏணி ஆறாம் தளம் வரையே எட்டியது. அரை மணி நேரத்திற்குள் 146 பேர் மாண்டனர். தீக்கு அஞ்சிச் சாளரத்தினின்று குதித்து மாண்டோர் பலர். இறந்தவருள் மிகப் பலர் வேற்று நாடுகளினின்று பிழைக்க வந்த இளம்பெண்கள், யூதரும் இத்தாலியரும்.

உரிமையாளர் இருவரையும் அவ்வாண்டு திசம்பரில் அறங்கூறுவோர் விடுதலை செய்தனர். கதவு பூட்டியிருந்ததை அவர்கள் அறிந்திருந்தனர் என்பது மெய்ப்பிக்கப்படவில்லையாம்! 1914இல், வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு ஓர் உயிருக்கு 75 டாலர் கிடைத்தது. அவ்வுரிமையாளருள் ஒருவர் 1913இல் தம் மற்றோர் ஆலையிலும் கதவைப் பூட்டிவைத்துப் பிடிபட்டார். அவருக்குத் தண்டம் 20 டாலர். சட்டத்தின் கையில் விட்டிருப்பின் கதை இவ்வளவோடு முடிந்திருக்கும்.

ஆயின் மக்கள் முடிக்க விடவில்லை. பன்னூறாயிரவர் மழையில் நனைந்தவாறு இறுதி ஊர்வலம் சென்றனர். எதனால் மாண்டனர் என்பதை ஆய ஒரு குழு அமைந்தது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட பாதுகாப்புச் சட்டங்கள் அம்மாநிலத்தில் பிறந்தன. வேலை நேரத்தில் கதவு பூட்டலாகாது. தீப்பயிற்சி நடத்துதல் வேண்டும். தானே நீர் தெளிக்கும் குழாய்கள் வேண்டும் என்பன அவற்றுட் சில. குதித்து மாண்ட பெண்களைத் தெருவில் நின்று கண்ணாற் கண்ட பிரான்சிசு பெர்க்கின்சு என்னும் அம்மையார், 1933இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

இறந்தவருள் அறுவர் இன்னாரென அறியப்படாமலே ஒரு கல்லறையில் அடக்கப்பட்டிருந்தனர். நூறாண்டு நிறைந்த 2011இல், ஆராய்ச்சியாளர் ஒருவர் முயன்று தேடி அவ்வறுவர் பெயரையும் கண்டறிந்தார். 2023 அக்தோபரில் அதே கட்டடத்தில் நினைவுச்சின்னம் திறக்கப்பெற்றது. எஃகுத் தகட்டில் 146 பெயர்களும் வெட்டப்பெற்றுள்ளன. தீயின் கதை அங்கு மூன்று மொழிகளில் எழுதப்பெற்றுள்ளது: நாட்டு மொழியாகிய ஆங்கிலத்தில், இறந்த யூதப் பெண்கள் பேசிய இத்திசு மொழியில், இறந்த இத்தாலியப் பெண்கள் பேசிய இத்தாலிய மொழியில். பெயர் உண்டு, கரணியம் உண்டு, மாண்டவர் தாய்மொழியும் உண்டு. எம் கருத்தில் அது நடுகல்லே. புலிமான்கோம்பையில் நம் முன்னோர் செய்ததை, நாம் மறந்துவிட்ட காலத்தில், கடலுக்கு அப்பால் ஒரு நகர் செய்திருக்கின்றது.

கரணியத்தைப் புதைத்தால் விளைவது யாதென்பதற்குப் போபால் சான்று. 1984ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள் இரவு, யூனியன் கார்பைடு ஆலையினின்று கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டு நச்சுவளி உறங்கிக் கிடந்த நகரின்மேற் படர்ந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதனை உலகம் அறியும். உலகம் அவ்வளவாக அறியாதது ஒன்றுண்டு. மூன்றாண்டுக்கு முன், 1981 இறுதியில், அதே ஆலையில் நச்சுவளி பட்டு ஒரு தொழிலாளி மாண்டான். அவ்வூர்ச் செய்தியாளர் இராசகுமார் கேசுவானி அதன்பின் அவ்வாலையை ஆராய்ந்து, பேரழிவு வரவிருக்கின்றதென 1982 முதலே எழுதினார். கேட்பார் இல்லை. நச்சுநீரைக் குளிர்விக்கும் பொறி 1984இல் நிறுத்தப்பட்டிருந்தது. கசிவை எரித்தழிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. பொறிகளை இயக்கும் முறைகளைக் கூறும் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. இயக்குவோருட் பலர் ஆங்கிலம் அறியாதவர். ஒருவன் சாவை ஊன்றிப் படித்திருப்பின் ஓர் ஊரின் சாவைத் தடுத்திருக்கலாம். வருமுன் காவாதவன் வாழ்வைத் தீயின் முன் வைத்த வைக்கோற்போருக்கு வள்ளுவர் ஒப்பிட்டது இதனை நோக்கியே போலும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம்.

சிவகாசிக்கு அணித்தான முதலிப்பட்டியில் 2012 செப்தம்பர் 5ஆம் நாள் நிகழ்ந்த வெடியில் 38 பேர் மாண்டனர். காப்பாற்ற ஓடியவரும், புகை கண்டு பார்க்க வந்தவரும் அவருள் அடங்குவர். சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னரும் நிகழ்ந்தவற்றைப் பட்டியலிட இத்தலையங்கம் போதாது. கரணியங்களோ பெரும்பாலும் புதியன அல்ல. வெடிமருந்துக் கலவை உராய்விலும் தட்டலிலும் வெப்பத்திலும் தீப்பற்றும். ஆதலின் ஓர் அறையில் சிலரே இருத்தல் வேண்டும். கையில் இருக்கும் மருந்து சிறிதாக இருத்தல் வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். ஓடி வெளிப்போக வாயில்கள் திறந்திருத்தல் வேண்டும். நால்வர் இருக்கும் அறையிற் பதின்மரை அமர்த்தினால், ஒரு பொறி நால்வரையன்று, பதின்மரையும் கொல்லும். உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விட, குத்தகைக்காரர் செலவைக் குறைக்கவும் விளைச்சலைப் பெருக்கவும் முனைய, இறுதியில் எண்ணிக்கைக் கூலிக்கு விரைந்து கை ஓட்டும் ஒரு பெண்ணின் விரல் நுனியில் அத்தனைப் பேராசையும் வந்து உராய்கின்றது. வெடித்தபின் எழுதுவர், 'உராய்வினால்' என்று. எதனோடு எது உராய்ந்தது என்பதை எழுதுவதில்லை.

கழிவுநீர்க் குழியில் நிகழும் சாவோ இதனினும் இழிவானது. மாண்டவனுக்கு அன்று, மாளவிட்ட நமக்கு. அழுகற் கழிவினின்று எழும் ஐதரசன் சல்பைடு வளி காற்றினும் கனத்தது. குழியின் அடியில் தேங்கி நிற்கும். சிறிதளவாயின் அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் போயிற்று என்று எண்ணி இறங்குபவன் அக்கணமே சாய்வான். அவன் சாய்ந்ததைக் கண்டு தம்பி இறங்குவான்; தம்பியைக் கண்டு மைத்துனன் இறங்குவான். மூன்று பிணம். ஒவ்வொரு முறையும் இதே முறைமையில் மூன்று பிணம். மாந்தரைக் கழிவகற்றும் பணியில் ஈடுபடுத்துதலைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், 2013இல் விரிவான மற்றொரு சட்டமும் வந்தன. இவ்வாறு மாண்டவர் குடும்பத்திற்கு 10 இலக்கம் உருபா வழங்குக என 2014இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2023இல் அதனை 30 இலக்கமாக உயர்த்திற்று. இத்தகைய சாவுகளின் கணக்கில் இந்திய மாநிலங்களுள் தமிழ்நாட்டின் பெயர் முன்வரிசையில் நிற்பதை எண்ணித் தலைகுனிய வேண்டும். அக்குழியில் இறங்குவோர் எக்குலத்தில் பிறந்தோர் என்பதை யாம் எழுத வேண்டியதில்லை. பிறப்பினால் ஒருவனைக் குழிக்குள் இறக்கிவிட்டு, மேலே நின்று 'பிறப்பொக்கும்' என்று மேடைதோறும் முழங்குவது தமிழ்த்தொண்டு ஆகாது.

மற்றொன்றையும் மறைக்காது கூறுதல் வேண்டும். சென்னைக்கு அணித்தான மௌலிவாக்கத்தில் 2014 சூன் 28ஆம் நாள், கட்டி முடியாத பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் மாண்டனர். அவருள் மிகப் பலர் ஆந்திரத்தினின்றும் ஒடிசாவினின்றும் கூலிக்கு வந்தவர். எஞ்சி நின்ற மற்றொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தபோது, ஊரே திரண்டு பார்த்தது. தொலைக்காட்சிகள் நொடி நொடியாகக் காட்டின. அவ்வறுபத்தொருவருள் ஒருவர் பெயரையேனும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இன்று தமிழ்நாட்டின் கட்டடங்களிலும் வார்ப்பகங்களிலும் சாயப்பட்டறைகளிலும் ஒடியா, வங்காளம், போச்புரி, அசாமியம் பேசும் இளைஞர்கள் பல இலக்கவர் உழைக்கின்றனர். 1948ஆம் ஆண்டுத் தொழிலகச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. அச்சட்டமும் பிறவும் 2020இல் ஒரே தொகுப்பாக ஆக்கப்பட்டன. சட்டத்தின் பெயர் மாறலாம், தேவை மாறவில்லை. ஆங்கிலப் பலகையை மட்டும் தொங்கவிட்டுத் தமிழ்த் தொழிலாளியைச் சாகவிட்ட ஆலைகளை நாம் கண்டித்து வந்துள்ளோம். சரி. அதே அளவுகோலை நம்மேலும் வைத்துப் பார்க்க வேண்டாவா? தமிழ்ப் பலகை மட்டும் தொங்கும் ஆலையில், தமிழறியாத ஒடிய இளைஞன் 'மின்னோட்டம் உண்டு, தொடாதே' என்பதைப் படிக்க இயலாமல் தொட்டு மாண்டால், அது தமிழுக்குப் பெருமையா? பெரும்பான்மையோர் மொழி போதும் என்று சட்டம் எண்ணலாம். மின்சாரம் பெரும்பான்மை பார்த்துப் பாய்வதில்லை. தாய்மொழியே உயிர் என்று உரைக்கும் நாம், உயிர் போகும் இடத்தில் ஒவ்வொருவனுக்கும் அவன் தாய்மொழியில் எச்சரிக்கை வேண்டும் என்று முதற்குரல் எழுப்புதல் வேண்டும். நம் கொள்கை மெய்யானதா என்பதை அறியும் உரைகல் இதுவே.

இனிச் செய்ய வேண்டுவன.

ஒன்று: பணியில் ஒருவர் மாண்ட ஒவ்வோர் இடத்திலும், அவர் பெயர், ஊர், நாள், மாண்ட கரணியம் ஆகியவற்றைப் பொறித்த கல்லோ பலகையோ நிறுவப்பெறுதல் வேண்டும். அதனைப் பின்னால் உள்ள சுவரில் மறைக்காது, வேலைக்கு நுழைவோர் கண்ணிற்படும் வாயிலில் வைத்தல் வேண்டும். 'இவ்வறையில் அளவுக்கு மிஞ்சிய கலவையினால் இன்னார் மாண்டார்' என்னும் ஒரு வரி, நூறு அறிவிப்புகளினும் வலியது.

இரண்டு: ஒவ்வொரு சாவைப் பற்றிய ஆய்வறிக்கையும் குறித்த காலத்திற்குள் முடிக்கப்பெற்று, மாண்டவர் குடும்பத்திற்கு அவர்தம் மொழியில் தரப்பெறுதல் வேண்டும், அதே தொழில் செய்யும் ஏனை ஆலைகளுக்கும் விடுக்கப்பெறுதல் வேண்டும். அவ்வம்மையார் கேட்ட அந்தத் தாள், ஈகை அன்று; உரிமை.

மூன்று: பாதுகாப்புப் பயிற்சியும் பலகையும் அங்கு உழைப்போர் அனைவரின் மொழிகளிலும் அமைதல் வேண்டும். எழுத்தறியாதார்க்குப் படமும் நேர்ப்பயிற்சியும் வேண்டும்.

நான்கு: கழிவுநீர்க் குழியில் மாந்தன் இறங்கும் நிலை அறவே ஒழிதல் வேண்டும். அண்டையில் திருவனந்தபுரத்தில் 2018இலேயே அப்பணிக்குத் தானியங்கிப் பொறியைக் கொணர்ந்தனர். பொறி இல்லை என்பது இனிச் சாக்காகாது.

ஐந்து: இடர் கண்டு வேலையை நிறுத்தும் தொழிலாளி வேலையிழக்கலாகான். வங்காளதேசத்து ராணா பிளாசாக் கட்டடத்தில் 2013 ஏப்பிரல் 23ஆம் நாள் சுவரில் வெடிப்புகள் தோன்றின. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளரை மட்டும் மறுநாள் உள்ளே அழைத்தனர். கட்டடம் வீழ்ந்து 1,134 பேர் மாண்டனர். வெடிப்பை அவர்கள் கண்டிருந்தனர். மறுக்கும் உரிமைதான் அவர்களிடம் இல்லை.

இவற்றைக் கேட்டவுடன் மறுப்புரைகள் எழும். 'தொழிலாளியின் கவனக்குறைவே கரணியம்' என்பார் முதலாளி. மாந்தன் என்றேனும் ஒரு நாள் அயர்வான். அயர்ந்தவன் சாகாத வகையில் அறையை அமைப்பதன்றோ பாதுகாப்பு? பள்ளியில் ஒரு சிறுவன் ஓடி விழுவான் என்பதற்காகவே மாடியிற் கைப்பிடிச் சுவர் எழுப்புகின்றோம். 'ஓடாதே என்று சொல்லியிருந்தோமே' என்று கூறி எந்தத் தலைமையாசிரியரும் தப்ப இயலாது. 'செலவு மிகும், சிறுதொழில் நசியும்' என்பார் வேறு சிலர். செலவு இப்பொழுதும் ஆகத்தான் செய்கின்றது. அதனைக் கைம்பெண்களும் பிள்ளைகளும் செலுத்துகின்றனர் என்பதே வேறுபாடு. 'ஆலையை மூடிவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது' என்று தொழிலாளரே அஞ்சுவர். அவ்வச்சம் மெய்யானது; அதனை யாம் இகழவில்லை. ஆலைகளை மூடுக என்பது எம் கோரிக்கை அன்று. கதவுகளைத் திறந்து வைத்து ஆலையை நடத்துக என்பதே எம் கோரிக்கை.

தமிழ் அன்பர்களே! நமக்கும் ஒரு பணி உண்டு. ஒவ்வொரு பொறிக்கும் தமிழ்ப்பெயர் ஆக்கும் நாம், அப்பொறி எவ்வாறு கொல்லும் என்பதை அதன்முன் நிற்பவன் மொழியில் எழுதித் தந்தோமா? மன்றங்களிலும் பாடிவீடுகளிலும் சொல்லாய்வு நடத்தும் நம் புலவர்கள், ஏப்பிரல் 28ஆம் நாள் தத்தம் ஊரில் வேலையில் மாண்டவர் பெயர்களைத் திரட்டட்டும். வீடு வீடாய்ச் சென்று கேட்கட்டும்: யார்? எவ்வூர்? எதனால்? அப்பெயர்களைப் பள்ளிச் சுவரிலோ ஊர் மன்றத்திலோ எழுதிவைக்கட்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு கரித்துண்டு போதும். நியூயார்க்கில் ஆண்டுதோறும் மார்ச்சு 25இல், தையலகத்தில் மாண்ட பெண்கள் வாழ்ந்த வீடுகளின் முன் அவர்தம் பெயர்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதிச் செல்கின்றனர். மழை பெய்தால் அழியும். மறு ஆண்டு மீண்டும் எழுதுகின்றனர்.

அச்சிறுவனின் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை யாம் வெறுமையாய் விடவில்லை. 'பட்டாசுத் தொழிலாளி, வேலையில் மாண்டார்' என்று எழுதினோம். படிவத்தில் அதற்குமேல் இடமில்லை. எதனால் என்பதை எழுதும் இடத்தை இந்நாட்டின் சட்டமும் இந்நாட்டு மக்களும்தாம் உண்டாக்க வேண்டும்.